சக்கர் மீனுக்கு ஒரு வீடு தேவை

ஐந்து வருடத்துக்கு முன்னால் கொளத்தூரில் வாங்கியபோது விரல் நீளம்தான் இருந்தது. தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் என்றார்கள். இப்போது முழங்கை நீளம். என் மூன்றடித் தொட்டியில் திரும்பவே சிரமப்படுகிறது. சுத்தமா? அது போடும் கழிவை அள்ளுவதே எனக்கு முழுநேர வேலை.

"ஏரியில விட்டுடு, பொழைச்சுக்கும்" என்கிறார் மாமா. பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கலே. தென் அமெரிக்க மீன் இது. உடம்பெல்லாம் கவசம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். முட்டையிட கரையைக் குடைந்து வளை தோண்டும். வலையில் சிக்கினால் வலைதான் கிழியும். நம் ஏரிகளில் ஏற்கனவே இருப்பது போதாதா?

ஆறடித் தொட்டியோ பெரிய சிமெண்ட் தொட்டியோ வைத்திருப்பவருக்கு இலவசமாகவே தருகிறேன், ஃபில்டரும் சேர்த்து. மழைக்கு நிரம்பி வழியும் குளம் மட்டும் வேண்டாம். முதலில் தொட்டியின் படம் அனுப்புங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், பெண் கொடுக்கிற மாதிரி பார்த்துத்தான் கொடுப்பேன்.

சென்னைக்குள் என்றால் நானே கொண்டுவந்து விடுகிறேன். வலையில் பிடித்தால் துடுப்பு முள் மாட்டிக்கொள்ளும், அதனால் மூடி போட்ட பெரிய வாளியோடு வருவேன். அப்புறம், வெள்ளரிக்காய் என்றால் அதற்கு உயிர். பெயர் புல்டோசர்.