ஒப்பந்தப்புள்ளியில் எழுதப்படும் அறிவியல் கொள்கை

வறிய நாடுகளின் அறிவியல், தொழில்நுட்பக் கொள்கையைப் பற்றிய கூட்டங்களில் முதலில் பேசப்படுவது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கான நிதிதான். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தையாவது ஆராய்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்பது ஆப்பிரிக்க நாடுகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட இலக்கு. மிகப் பல நாடுகள் அதை இன்னும் எட்டவில்லை. அந்த இலக்கு நியாயமானது. ஆனால் உகாண்டாவின் ஊரகக் குடிநீர்த் திட்டங்களில் பொறியாளராகப் பணியாற்றியபோது, ஏற்கெனவே கையில் இருக்கும் அறிவியலே கிராமத்துக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடும் இடம் ஒன்றைக் கண்டேன். குழாய் வாங்குவதற்காக அலுவலகத்தில் தயாராகும் ஒப்பந்தப்புள்ளி ஆவணமே அந்த இடம்.

அங்குள்ள கிராமங்களில் பரவலாகக் காணப்படும் அடிபம்பு நமக்கு நன்கு பழக்கமானது. இந்தியக் கிராமங்களில் நிறுவப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் பெருமளவில் பழுதாகிக் கிடந்த 1970-களில், மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவாகியிருந்த எஃகுப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப் அமைப்பும் சென்னையில் இயங்கிய ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்ற அரசு நிறுவனமும் இந்தியா மார்க் 2 பம்பை வடிவமைத்து, கோயம்புத்தூர் வட்டாரத்தின் ஆழமான கிணறுகளில் சோதித்துப் பார்த்தன. அந்த வடிவத்துக்கு யாரும் தனியுரிமை கோரவில்லை. தரத்துக்கு உட்பட்டு எந்தப் பட்டறையும் அதைச் செய்யலாம். ஆனால் சரக்கு வெளியேறும் முன் தயாரிப்பாளரைச் சாராத ஆய்வாளர் ஒருவர் அதைச் சோதிக்க வேண்டும். அந்தப் பம்பின் வெற்றியில் பாதி இந்தச் சோதனைக்கு உரியது என்பது என் கருத்து. பம்பு கடல் கடந்தது. உகாண்டாவில் அது யு2 என்ற பெயரில் தேசியத் தரமாகவும் ஆனது. சோதனை முறை அதே உறுதியோடு அதனுடன் போகவில்லை.

உகாண்டாவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் சற்று அமிலத்தன்மை உடையது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே இறங்கும் நீரில், பம்பிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாயின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு அதைக் காப்பாற்றுவதில்லை. பூச்சு கரைகிறது, பிறகு இரும்பு அரிக்கப்படுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே ஓட்டை விழுந்த குழாய்களைக் கிணற்றிலிருந்து மேலே எடுத்திருக்கிறோம். அதற்கு முன்பே மக்களுக்குத் தெரிந்துவிடும். விடியற்காலையில் முதலில் வரும் நீர் செம்பழுப்பாக இருக்கும், துணியில் கறை படியும், தேநீர் கறுக்கும். அதைக் குடிக்க மனமில்லாமல் பெண்கள் மீண்டும் பழைய ஊற்றுக்கே குடத்தோடு போவார்கள். இந்த இரும்பு பாறையிலிருந்து வருகிறதா, குழாயிலிருந்து வருகிறதா என்பதைக் கண்டறிவதும் கடினமானதன்று: தொடர்ந்து நெடுநேரம் அடித்து, இடையிடையே நீரில் உள்ள இரும்பின் அளவைச் சோதித்தால், குழாயின் துரு படிப்படியாகக் குறையும், பாறையின் இரும்பு குறையாது. எளிய சோதனைப் பெட்டி ஒன்று போதும். அதைச் செய்யாமலேயே "நிலத்தடி நீரே கெட்டது" என்று முடிவு கட்டிக் கைவிடப்பட்ட கிணறுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை.

இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 1980-களில் நடத்திய அடிபம்புத் திட்டத்தின்போதே மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த அரிப்பு ஆராயப்பட்டு, அத்தகைய நீரில் துத்தநாகம் பூசிய குழாயைப் பயன்படுத்தலாகாது என்பது தெளிவாகியிருந்தது. பிறகும் அதே குழாய் ஏன் தொடர்ந்து இறக்கப்பட்டது? தேசியத் தரம் அதை அனுமதித்தது. கொடையாளர்கள் தேசியத் தரத்தை மேற்கோள் காட்டினார்கள். குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் போனது. எத்தனை கிணறுகள் தோண்டப்பட்டன என்பது அறிக்கையில் ஏறியது, மூன்றாம் ஆண்டில் எத்தனை நல்ல நீர் தந்தன என்பது ஏறவில்லை. பராமரிப்போ கிராமத்து நீர்க் குழுவின் பொறுப்பு. தவறான குழாயைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதன் செலவைச் சுமப்பவர் வேறொருவர். இதை நான் கொள்கைத் தோல்வி என்றே சொல்வேன். உகாண்டாவின் நீர் அமைச்சகம் 2016-இல் துத்தநாகம் பூசிய குழாய்களுக்குத் தடை விதித்தது. அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கத்துக்கெனத் தனி அமைச்சகம் உருவானதும் அதே ஆண்டில்தான். கிராமத்தின் குடத்தில் மாற்றத்தைக் கொண்டுவந்த முடிவு முன்னதுதான்.

தடையோடு வேலை முடியவில்லை. துருப்பிடிக்கா எஃகுக்கு மாறியபின், நிக்கல் குறைந்த மலிவான எஃகு, நல்ல ரகத்தின் பெயரில் சந்தையில் நுழைய வழி உண்டு. இரண்டும் ஒரே பளபளப்பு. இரண்டிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. கலவையை அளக்கும் கையடக்க ஊடுகதிர் (எக்ஸ்-ரே) கருவி சில நொடிகளில் வேறுபாட்டைக் காட்டிவிடும், ஆனால் ஒரு மாவட்ட அலுவலகத்தின் ஆண்டு வரவு செலவில் அடங்கும் விலை அன்று அது. அந்த 1 சதவீத இலக்கை நோக்கி ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு பகுதி இத்தகைய கருவிகளுக்கும், அவற்றை இயக்கத் தெரிந்த இளைஞர்களுக்கும், ஒவ்வொரு கிணற்றின் பி.எச். அளவையும் குழாய் வாங்கும் முன் பதிந்துவைக்கும் பட்டியலுக்கும் போக வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் தொடர்ந்து வலியுறுத்தினேன். இவற்றில் பட்டியல்தான் மிக மலிவானது. பணியாற்றிய மாவட்டங்களில் முதலில் அதையே தொடங்கினோம். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தோடு அது கட்டாய இணைப்பாக ஆன பிறகுதான் ஒப்பந்தக்காரர்கள் நீரின் தன்மையைக் கேட்டுவிட்டு விலை சொல்லத் தொடங்கினார்கள்.