இடது பக்கத்து பிரேக்

மன்னார்குடியில் பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பழகுகிறவர் வலது பக்கம், நான் இடது பக்கம். என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில், உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டியரிங் அவர் கையில், பொறுப்பு என் காலில்.

போன தை மாதம் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் பழக வந்தார். அவர் மகன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறார். அந்தப் பகுதியில் 2020 முதலே வேமோ என்ற நிறுவனத்தின் டாக்சிகள் டிரைவர் இல்லாமல் பொதுமக்களை ஏற்றிச் செல்கின்றன. மகன் அனுப்பிய வீடியோவை டீச்சர் காட்டினார். முன் சீட்டில் ஆள் இல்லை, ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. வகுப்பு முடிந்ததும் டீக்கடையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"ஆட்டுக்கிடை குறுக்க வந்தா அது என்ன பண்ணும்?" என்றார் ஒருவர். அறுப்பு மிஷின் ஓட்டுகிற தம்பி கேட்டது வேறு: "மோதிட்டா யார வந்து கேக்குறது?"

இதைப் பட்டிக்காட்டுப் பயம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு அமெரிக்காவிலேயே ஒழுங்கான பதில் இல்லை.

ஃபீனிக்ஸை ஒட்டியிருக்கிறது டெம்பி என்ற ஊர். 2018 மார்ச் 18 இரவு, உபேர் நிறுவனம் சோதனைக்கு விட்டிருந்த தானியங்கி கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் மீது மோதியது. அவர் இறந்துபோனார். விசாரணை அறிக்கையில் வந்த விவரங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே இயந்திரம் அவரைப் பார்த்துவிட்டது. ஆனால் வாகனம் என்றது, ஏதோ ஒரு பொருள் என்றது, சைக்கிள் என்றது, இப்படி மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டது. கோடு போடாத இடத்தில் மனிதர் குறுக்கே வருவார் என்பதையே அந்த மென்பொருள் கணக்கில் வைக்கவில்லை.

கோடு போட்ட இடம்! நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி வரை வந்து பாருங்கள். தையில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, ஓரத்தில் வரிசையாகக் கல். சில இடத்தில் வைக்கோல். அறுத்த வயலில் மேய்ந்த வாத்துகள் அடுத்த வயலுக்குப் போக ரோட்டை நிறைத்துக்கொண்டு போகும். ஆற்றுப் படித்துறையிலிருந்து ஈரத்துணியோடு மேலேறி வருகிறவர் நேரே ரோட்டில்தான் கால் வைக்க வேண்டும். அதனால் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "முகத்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க." முகம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியிருக்கும். ரோட்டில் இறங்கப்போகிறவரின் குதிகால் முன்கூட்டியே தூக்கிவிடும்.

அந்த டெம்பி காரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஏதாவது ஆனால் பிரேக் பிடிப்பதுதான் அவர் வேலை. அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் அந்த இருக்கை என் இருக்கை.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு பையன் என்னிடம் பழகினான். மூன்றாவது வாரத்திலேயே அவன் கியர் மாற்றுவது பக்கத்திலிருக்கும் எனக்கே தெரியாது, அவ்வளவு நயம். தடுமாறுகிறவர்கள் ஓட்டும்போது என் கால் பிரேக்கை விட்டு நகராது. இவன் ஓட்டும்போது காலை மடக்கி வசதியாக உட்கார ஆரம்பித்தேன். பாமணி ஆற்றங்கரையில் ஒரு மெசேஜுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, புல்லுக்கட்டு வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் கரைமேல் ஏறி நின்றார். கால் பிரேக்கைத் தேடியது. அந்தத் தேடலில் போன நேரத்தில் சைக்கிளின் பின்சக்கரம் மடங்கிவிட்டது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. புல்லை நானும் பையனும் பொறுக்கிக் கட்டினோம். சக்கரத்துக்குப் பணம் கொடுத்தேன். "பாத்து வரக் கூடாதாப்பா," என்று என்னைத்தான் கேட்டார், பையனை இல்லை. யாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டெம்பி வழக்கில் உபேர் மீது குற்ற வழக்கு தொடர முகாந்திரமில்லை என்று 2019-ல் சொல்லிவிட்டார்கள். காரில் உட்கார்ந்திருந்தவர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு. அவர் செய்தது தப்புதான், நான் செய்ததும் தப்புதான். ஆனால் நன்றாக ஓடுகிற ஒரு வண்டிக்குள் மணிக்கணக்கில் ஒருவரை உட்காரவைத்து, ஒன்றும் செய்யாதே, ஆனால் விழிப்பாக இரு என்று சொல்வது மனுஷ உடம்புக்கு ஒத்துவராத வேலை. முக்கால்வாசி தானாக ஓடும், கால்வாசிக்கு நீ பார்த்துக்கொள் என்று விற்கிற கார்களைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஆளே இல்லாத காரைவிடவும்.

மனிதர் ஓட்டினால் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்திருக்கிறார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. கல்யாணத்துக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்பும் வண்டிகளில் என்னிடம் பழகியவர்களும் இறந்துபோயிருக்கிறார்கள். இயந்திரம் குடிக்காது, கண் அசராது. அதை நான் மதிக்கிறேன். டிரைவர்களுக்கு வேலை போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லேயே இந்தக் கார்களை அனுமதிக்க மாட்டோம் என்றார். என்னிடம் பழகி ஆக்டிங் டிரைவராகப் பிழைக்கும் பையன்களை நினைத்தால் எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனாலும் உயிர் பிழைக்குமென்றால் அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது வகுப்பு நேரத்தில் கைபேசி டேஷ்போர்டு பெட்டிக்குள் போய்விடும். நன்றாக ஓட்டுகிறவர் ஸ்டியரிங் பிடித்தால், கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருகிறேன். "இடப்பக்கம் கன்னுக்குட்டி, கயிறு இல்ல. எதிர்ல லோடு ஆட்டோ." டீச்சருக்கு முதலில் இது தொந்தரவாக இருந்தது. பிறகு அவரும் கூடவே சொல்ல ஆரம்பித்தார்.

உரிமம் வாங்கிய கையோடு மகனிடம் ஆறு மாதம் இருக்கக் கிளம்பினார். "அந்த வண்டியில ஏறப்போறேன் தம்பி. என்ன பாத்துட்டு வரணும், சொல்லுங்க," என்றார்.

"ஓரத்துல ஒருத்தர் இறங்கலாமா வேண்டாமான்னு ஒரு காலை மட்டும் ரோட்டுல வச்சு நின்னா, அது வேகத்தைக் குறைக்குதான்னு பாருங்க டீச்சர்."

சரி என்று தலையாட்டினார். போய் மூன்று வாரம் ஆகிறது. இன்னும் போன் வரவில்லை.