கொடுமுடித் தீர்த்தமும் கஷ்ட காலமும்

விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் மொண்டு பழனிக்கு நடக்கிற கூட்டம் குறைவதில்லை. மனம் ஒடிந்தவர்களுக்கு அந்தக் கூட்டமே பாதி மருந்துங்க. தெரியாதவர் பந்தலில் மோர் ஊற்றுவார். "அரோகரா" என்று ஒருவர் குரல் கொடுத்தால் ஓய்ந்த காலும் எழுந்து நடக்கும்.

ஆனால் பங்குனி வெயில் பொல்லாதது. விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிழலில் ஒதுங்குங்கள். மறுபடி மாலை 5 மணிக்கு மேல்தான். மதியம் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் வெந்து கொப்புளிக்கும். கொப்புளத்தின் தோலை உரிக்கவே கூடாது, சீழ் வைத்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் மரத்திருக்கும், சுட்டதே தெரியாது; செருப்போடு நடந்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். இருட்டில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக, ஒற்றை வரிசையில் போங்கள்.

கலசத்தை வாய்வரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை விட்டுத் துணியால் கட்டினால் ததும்பாது.

வட்டிக்கு வாங்கிக் காவடி எடுக்காதீர்கள். நடக்க முடியாதவர் செவ்வாய்க்கிழமை பக்கத்துக் குன்றில் ஒரு விளக்குப் போட்டு, நாலு பேரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம்.