உட்காராத பிரேக்கர்

எங்கள் பிள்ளைகளின் ரோபோ காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு போஜன ஹாலில்தான் ஓடிப் பழகியது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழுவென்று இருக்கும். அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. எஃப்ஆர்சி என்ற பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டியின் களத்தில் கார்ப்பெட் விரித்திருப்பார்கள் என்பதால் அதேபோல ஒன்றை வாங்கி விரித்தோம். வந்தது வினை. வேகமாகத் திருப்பினால் இடது பக்கத்து மோட்டார் ஒன்று படுத்துவிடும். சற்று நேரம் விட்டால் தானாகவே எழுந்து ஓடும்.

புரோகிராம், பேட்டரி, மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாயிற்று. அப்புறம் செக்காலை ரோட்டில் கார் வயரிங் பார்க்கும் அண்ணன் வந்தார். ரோபோவை ஓடவிட்டு நிறுத்தச் சொல்லி, மின்பகிர்வுப் பலகையில் இருந்த 40 ஆம்பியர் பிரேக்கர்களை (கரண்ட் மிஞ்சினால் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம்) வரிசையாகத் தொட்டார். “தம்பி, இது ஒண்ணுதான் சுடுது. லூசா இருக்கு பாரு.”

இந்த பிரேக்கர்களுக்குள் இருப்பது சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு. சூடேறினால் துண்டிக்கும், ஆறினால் தானே சேர்ந்துகொள்ளும். பலகையில் செருகும் அதன் உலோகக் கால் சரியாக இறங்காத இடத்தில் 10 மில்லி ஓம் கூடுதல் தடை இருந்தாலே போதும், 40 ஆம்பியர் போகும்போது அந்த ஓரிடத்தில் 16 வாட் சூடு. மோட்டார் அளவோடு இழுத்தாலும் பிரேக்கர் துண்டித்துவிடும். கல்தரையில் சக்கரம் வழுக்கிவிடுவதால் கரண்ட் அவ்வளவு ஏறவில்லை. கார்ப்பெட்டில் பிடிமானம் அதிகம், திரும்பும்போது உரசி இழுக்க வேண்டும். ஆக, குறையை மறைத்துவிட்ட வழுக்குத்தரை எங்களுக்கு நல்லதாகப் படவேயில்லை.

உட்கார வைத்த விதம் இதுதான். 120 ஆம்பியர் மெயின் பிரேக்கரை அணைத்து, பேட்டரி கனெக்டரையும் கழற்றினோம். பிரேக்கரை நேராகப் பிடித்து, இரு கட்டைவிரலாலும் தலையில் அழுத்தி, கால்கள் இருக்கும் வாக்கில் லேசாக ஆட்டினால் மெல்ல இறங்குகிறது. பாதியில் ஒரு தடை வரும், அதுதான் ஏமாற்றும் இடம். ‘இறங்கிவிட்டது’ என்று தோன்றும்; அதற்குக் கீழேயும் போகும். சுத்தியல் பக்கம் போகவே கூடாது. அண்ணன் ஒரு ஸ்டீல் ஸ்கேலை பிரேக்கர்களின் தலைமேல் வைத்தார். தூக்கிக்கொண்டிருந்தது எது என்று உடனே தெரிந்தது. எனக்கு மல்டிமீட்டரைவிட இந்த ஸ்கேல்தான் பிடித்தது.

பலகையில் ரோபோரியோவுக்கான (ரோபோவை இயக்கும் கணினி) 10 ஆம்பியர், வைஃபை தொடர்புக்கான ரேடியோ பக்கத்துக்கான 20 ஆம்பியர் ஃபியூஸ்கள் இதைவிடப் பிடிவாதம். ஒழுங்காக இறங்கினால் வெறும் கையால் பிடுங்குவது ஏறக்குறைய நடக்காத காரியம், பிளையர் வேண்டும். சுலபமாக வந்துவிட்டால் உள்ளே போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி விட்டால் ரோபோ எங்காவது இடிக்கும்போது ரேடியோ அறுந்து அறுந்து வரும், பழியெல்லாம் வைஃபை மேல் விழும்.