ஜாப் ஷீட்டில் எழுதிய வரி

“தம்பி, இன்னும் எத்தனை தடவை நடுரோட்டுல நின்னா இதைக் குறைன்னு எழுதுவீங்க?”

புதிய கார் வாங்கி ஐந்தாம் மாதத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சர்வீஸ் கவுண்டரில் என் எதிரே அமர்ந்து இப்படிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. பதில் கிடைக்கும் என்று நம்பியே கேட்டார். அதற்கு அன்று நான் எழுத்தில் கொடுத்த பதில் சரிதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அது மனத்தைவிட்டு அகல மறுக்கிறது.

வண்டி நன்றாகச் சூடேறியபின், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது இயந்திரம் சட்டென்று அணைந்துவிடும். சற்று நேரத்தில் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் இயங்கும். சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் நின்ற வண்டி எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். கணினியை இணைத்துப் பார்த்தால் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்காது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தாலும் நிற்காது. இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறுக்குத் தளர்ந்த மின்னிணைப்போ, சூட்டில் திணறும் எரிபொருள் பம்ப்போ காரணமாக இருக்கலாம். எது என்று பிடிபடும்வரை, ஜாப் ஷீட்டில், அதாவது வண்டியின் பழுதுவேலைத் தாளில், ‘குறை ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுப்பதே வழக்கம். அதில் பொய் இல்லை. நாங்கள் தேடினோம், கிடைக்கவில்லை.

ஆனால் அந்த வரி பணிமனையோடு முடிந்துவிடுவதில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்ட விதிகளின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு விற்றவருடையது. அதே சமயம், குறை என்று ஒன்று இருக்கிறது என்பதை முதலில் காட்டவேண்டியவர் வாங்கியவர்தான். அவர் கையில் இருப்பவையோ நாங்கள் கொடுத்த தாள்கள் மட்டுமே. ஒவ்வொரு தாளிலும் ‘காணப்படவில்லை’ என்றே இருந்தால், ஆறு மாதப் பாதுகாப்பு இருந்தும் அவர் எதைக் காட்டி அதைக் கேட்பார்? எத்தனை தடவை என்று அவர் கேட்டதற்கும் சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. நியாயமான காலத்திற்குள், வாங்கியவருக்குப் பெருஞ்சிரமம் இல்லாமல், விற்றவர் தம் செலவில் பழுதுபார்க்கவோ மாற்றிக் கொடுக்கவோ வேண்டும். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கக் கோரலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்து, பயன்படுத்திய அளவுக்குக் கழித்துக்கொண்டு பணத்தைக் கோரலாம். எது நியாயமான காலம், எது பெருஞ்சிரமம் என்பதை அவரவர் வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும்.

அன்று நான் வழக்கமான வரியை எழுதவில்லை. எந்தச் சாலையில், எவ்வளவு நேரம் ஓட்டியபின், எந்த வேகத்தில் நின்றது என்று கேட்டு, ‘வாடிக்கையாளர் கூற்றின்படி’ என்று தொடங்கி அனைத்தையும் எழுதினேன். அதன்கீழ் ‘சோதனை ஓட்டத்தின்போது இந்நிலை ஏற்படவில்லை, காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை’ என்று சேர்த்தேன். எல்லாத் தாள்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறும், ஆறு மாதம் முடியுமுன் பயனீட்டாளர் சங்கமான கேஸில் விசாரிக்குமாறும் அவரிடம் சொன்னேன்.

மேலாளர் கண்டித்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. சர்ச்சை வந்தால் நம் தாளே நமக்கு எதிராகப் பேசும் என்றார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அது சரியே. என்னைத் தைத்தது மெக்கானிக் சொன்னது. “நான் சரியாகத் தேடவில்லை என்று எழுதியதுபோல் இருக்கிறது,” என்றார். இரண்டு நாள் இணைப்பு இணைப்பாகக் கழற்றிப் பார்த்தவர் அவர். ‘இன்னும்’ என்பதை அவர் அப்படித்தான் படித்தார். அப்படி நினைத்து எழுதவில்லை என்று விளக்கினேன். அவர் தலையசைத்தாரே தவிர, ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பெரியவரின் பக்கம் நின்று பார்த்தால் என் செயலுக்குக் காரணம் தேடவேண்டியதே இல்லை. இங்கே கார் வாங்குபவர் வண்டியை மட்டும் வாங்குவதில்லை, வண்டி வைத்திருக்க அரசு தரும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழையும் சேர்த்தே வாங்குகிறார். வண்டி பணிமனையில் கிடக்கும் நாள்களும் அந்தப் பத்தாண்டில்தான் கழிகின்றன. ஏழாண்டுவரை நீளக்கூடிய வங்கிக் கடனின் தவணையும் காத்திருப்பதில்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரைதான் கோர முடியும். பழுதுச் செலவுக்கோ ஓரளவு விலைக் குறைப்புக்கோ அது போதும். புதுக் காரின் முழு விலையைத் திரும்பக் கேட்க வழக்கறிஞரோடு அதற்கு மேலுள்ள நீதிமன்றப் படிகளை நாட வேண்டியிருக்கும். ஓய்வூதியச் சேமிப்பில் கார் வாங்கிய ஒருவரிடம் அதற்கான வலு எங்கே இருக்கும்?

இவ்வளவும் உண்மை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அவர் தமிழில் பேசினார், என்னைத் தம்பி என்று அழைத்தார், நடந்ததை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார். அதே கவுண்டரில், அதே கோளாறோடு, தயங்கித் தயங்கி வேறொரு மொழியில் பேசியவருக்கும் நான் அரைப் பக்கம் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்று சொல்லத்தான் விரும்புகிறேன்.

பெரியவர் கேஸுக்குச் சென்றார். பின்னர் இரு தரப்பும் சமரசமாகப் பேசி முடித்துக்கொண்டதாக அறிந்தேன். நிபந்தனைகள் எனக்குச் சொல்லப்படவில்லை. என் தாள் அவருக்கு உதவியதா, அல்லது அது இல்லாமலே இதே முடிவு கிடைத்திருக்குமா என்பதைக் கேட்டறியும் இடத்தில் நான் இல்லை.

சில மாதங்களில் ஜாப் ஷீட்டின் வடிவம் மாறியது. வாடிக்கையாளர் சொல்வதற்கு ஒரு கட்டம், அதில் அவர் கையொப்பம். மெக்கானிக்கின் முடிவுக்கு வேறொரு கட்டம். மேலாளருக்கும் மெக்கானிக்குக்கும் இது நிறைவாக இருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களின் கட்டம் நிரம்பிவிடுகிறது. ‘சில நேரம் நின்றுவிடும்’ என்பதோடு நிறுத்திக்கொள்பவர்களிடம், எங்கே நின்றது, எப்போது நின்றது என்று நான் மேலும் கேட்கிறேன். அவ்வாறு கேட்பது கோளாறைக் கண்டுபிடிக்க உதவும் என்று மெக்கானிக்கிடம் சொல்கிறேன். அது மட்டும்தான் காரணமா என்று அவர் இதுவரை கேட்கவில்லை.