பீடச்சபையில் எனக்கொரு கதிரை

யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்தில் படித்த நாளில், பீடாதிபதி, அதாவது டீன், என்றால் எங்களில் பலருக்குப் பரீட்சையைப் பின்போட மறுக்கும் மனிதர், அவ்வளவுதான். அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது, பீடத்தின் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் பீடச்சபைக்குச் சக மாணவர்கள் என்னைத் தெரிவு செய்து அனுப்பிய பிறகுதான். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி, பீடச்சபையில் மாணவர் இருவருக்கு இடம் உண்டு. விடுதிக் கதைகளையும் ராகிங் கதைகளையும் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அந்தக் கதிரையில் இருந்து கண்டதை எழுதுகிறேன்.

அதே சட்டம் பீடாதிபதியைப் பீடத்தின் கல்வித் தலைவர், நிர்வாகத் தலைவர் என்கிறது. எங்கள் காலத்தில் துறைத்தலைவர்களுள் ஒருவரைப் பீடச்சபை அந்தப் பதவிக்குத் தெரிவு செய்யும். பதவிக்காலம் 3 ஆண்டு. வாசித்தால் பெரிய அதிகாரம் போலத் தெரியும். ஆனால் கலைப்பீடத்துக்கு இல்லாத சிக்கல் ஒன்று மருத்துவ பீடத்துக்கு உண்டு. விரிவுரை மண்டபத்தை விட்டு வாட்டுக்குப் போகத் தொடங்கியதும் எங்கள் வகுப்பறை யாழ் போதனா வைத்தியசாலை. அது சுகாதார அமைச்சுக்கு உரியது, அதன் பணிப்பாளருக்குக் கீழ் இயங்குவது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் யூனிட்டுகளை வைத்து மட்டும் எல்லா மாணவரையும் பழக்க முடியாது. மற்ற வாட்டுகளில் எங்களுக்குச் சொல்லித்தந்த வைத்திய நிபுணர்கள் யாரும் பீடாதிபதிக்குக் கீழ் வேலை செய்தவர்கள் அல்லர். அவர்களிடம் அவர் கேட்கலாம், கட்டளை போட முடியாது.

அப்படிக் கேட்டதை ஒருநாள் காலை, வாட் ரவுண்ட் தொடங்குமுன் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"டொக்டர், இந்த முறை இன்னும் ஆறு பிள்ளைகளை எடுக்கேலுமோ?"

"சேர், போன குறூப்பே எட்டுப் பேர். கட்டிலைச் சுத்தி நிக்க இடமில்லை."

"ரெண்டாப் பிரிச்சு விடுவம். பாதிப் பேர் பின்னேரம் வரட்டும்."

"பின்னேரம் எனக்குக் கிளினிக்."

"செவ்வாய்க்கிழமையும் கிளினிக்கோ?"

நிபுணர் சிரித்துவிட்டார். "சரி, செவ்வாய் அனுப்புங்கோ."

சட்டைப்பையில் இருந்த கடதாசித் துண்டில் பெயரையும் நாளையும் குறித்துக்கொண்டு டீன் சேர் அடுத்த வாட்டுக்கு நடந்தார். அந்தத் துண்டுதான் பிறகு டைப் செய்யப்பட்டு அறிவித்தல் பலகையில் எங்கள் கிளினிக்கல் அட்டவணையாகத் தொங்கும். குறூப் சரியில்லை, வாட்டு சரியில்லை என்று அதற்கு முன்னால் நின்று நாங்கள் முறையிடுவோம்.

எங்களுக்கு முந்திய அண்ணாமார், கைதடி ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் பீடம் தொடங்கிய 1978 ஐப் பற்றிச் சொல்லுவார்கள். பேராசிரியர் ஹூவர் முதல் பீடாதிபதி. சமுதாய மருத்துவத்தில் பேராசிரியர் சிவஞானசுந்தரம். தமிழ் வாசகர்களுக்கு அவர் எழுத்தாளர் நந்தி. ஆய்வுகூடத்தில் இருந்து ஆசிரியர் வரை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவர்கள் அவர்கள். அதைக் காக்கும் வேலை எங்கள் காலத்துப் பீடாதிபதிகளின் தலையில் விழுந்தது.

1987 ஒக்ரோபரில் அந்த வேலை எவ்வளவு கொடியது என்று கண்டோம். 21, 22 ஆம் திகதிகளில் வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளிகளும் தாதியரும் வைத்தியர்களும் இந்திய இராணுவத்தின் சூட்டில் இறந்தார்கள். குழந்தை மருத்துவ நிபுணர் டொக்டர் சிவபாதசுந்தரம் அவர்களில் ஒருவர். அதே வைத்தியசாலைக்கு மாணவர்களைத் திரும்ப அனுப்பவேண்டும். பெற்றோருக்கு யாராவது பதில் சொல்லவேண்டும். பல்கலைக்கழகம் மறுபடி இயங்கவேண்டும் என்று முன்னின்றவர்களில் உடற்கூற்றியல் துறையின் ராஜினி திரணகமவை மறக்க முடியாது. அவர் அந்தத் துறையின் தலைவராக இருந்தபோது, 1989 செப்ரெம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. ஒரு துறை தன் தலைவரை அப்படி இழந்தால், அடுத்த விரிவுரையை யார் எடுப்பது, வினாத்தாளை யார் போடுவது என்ற கேள்விகள் பீடாதிபதியின் மேசைக்கு வந்துசேரும். அழுதுகொண்டும் அவற்றுக்குப் பதில் தேடத்தான் வேண்டும்.

பீடச்சபையில் எனக்கு நன்றாக நினைவில் நிற்பது பரீட்சையைப் பின்போடக் கேட்ட எங்கள் கடிதம். ஊரடங்கு, போக்குவரத்து இல்லை, படிக்க நாள் போதவில்லை என்று எல்லாம் நியாயமாகவே எழுதியிருந்தோம். டீன் சேர் முதலில் என்னைப் பேசவிட்டார். நடுவில் குறுக்கிட வந்த ஒரு பேராசிரியரையும் கையால் அமர்த்தினார். நான் முடித்ததும், வெளிப் பரீட்சகர்கள் வருவதற்கு ஒழுங்கு செய்த நாளைச் சொன்னார். இந்த நாள் தவறினால் கொழும்பிலும் பேராதனையிலும் இருந்து அவர்களை மறுபடி எப்போது கூட்டி வரலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் இல்லாமல் பரீட்சை வைக்க அவர் ஒப்பவே மாட்டார். பிறகு பெறுபேறு பல்கலைக்கழகத்தின் மூதவைக்கு (செனற்) போகவேண்டும், அதற்குப் பிறகுதான் மருத்துவச் சபைப் பதிவு, உள்ளகப் பயிற்சி.

"நீங்கள் கேக்கிறது ரெண்டு கிழமை. குடுத்தால் பிள்ளையளுக்கு ஆறு மாசம் போகும்."

பரீட்சை குறித்த நாளில் நடந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் கூட்டம் கலைய முன்னமே, தீவுப்பகுதிப் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே தங்கிப் படிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டு, அவர்களுக்குப் பொது அறையைத் திறந்துவிடச் சொன்னார். வெளியே வந்து இதைச் சொன்னபோது நண்பர்களுக்கு என்மேல் கோபம். எனக்கு அவர்மேல் மரியாதை. அந்தப் பிடிவாதத்தால்தான் எங்கள் பட்டம் கொழும்புப் பட்டத்துக்கு ஒரு இம்மியும் குறையாமல் நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதானே நாமெல்லாம் கடல் கடந்து வந்தோம்!

இப்போது இங்கிலாந்தில் என் ஆஸ்பத்திரிக்கு வரும் மருத்துவ மாணவர்களின் கற்பித்தலுக்கு நான் பொறுப்பு. இங்கே வைத்திய நிபுணர்களுக்கான 2003 ஒப்பந்தப்படி ஒரு முழுநேர நிபுணரின் வேலைக் கிழமை 10 பகுதிகள், பொதுவாகப் பகுதி ஒன்று 4 மணித்தியாலம். கற்பித்தல் பொறுப்புக்கும் அதில் இடம் குறித்துத் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு, பதவியோடு நேரத்தையும் கொடுப்பதுதான் முறை. எங்கள் துறைத்தலைவர்கள் விரிவுரை, வாட்டு, வினாத்தாள் எல்லாம் முடித்த பிறகு மிஞ்சிய இரவில் துறையை நடத்தினார்கள். நல்லெண்ணத்தை நம்பியே ஒரு பீடத்தை ஓட்டுவது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் ஓட்டினார்கள்.

சங்கத்திடம் ஒரு கோரிக்கை. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் காசு சேர்க்கிறோம், நல்லது. அதோடு, விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பயணச்சீட்டு எடுக்க முன்னமே பீடாதிபதிக்கு எழுதுங்கள். எந்தத் துறையில் ஆள் குறைவு, எந்தக் கிழமையில் ஒரு விரிவுரையோ வாட்டு வகுப்போ எடுத்தால் உதவி என்று கேளுங்கள். நாம் நினைத்த தலைப்பில் ஒரு பேச்சை வைத்துவிட்டு வந்தால் அவருக்கு மண்டபம் ஒழுங்கு செய்யும் வேலைதான் கூடும். அவர் கேட்கிற பாடத்தை, அவர் கேட்கிற நாளில் எடுத்துக் கொடுப்போம்.