புகைச் சீட்டு

மார்ச் 3, செவ்வாய்

தேறவில்லை.

மார்ச் 3, இரவு

தூக்கம் வரவில்லை. எழுதியாவது வைக்கிறேன். வண்டியின் புகைச் சோதனைச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தேன், வியர்வையில் ஓரம் நைந்துவிட்டது. நிற்கும் ஓட்டத்தில் கார்பன் மோனாக்சைடு 2.9 சதவீதம், ஹைட்ரோகார்பன் 340 பிபிஎம். ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது மோனாக்சைடு 0.7 ஆக இறங்கியது. ஓடும்போது ஒழுங்காக இருக்கிறது, சும்மா நிற்கும்போதுதான் அடம் பிடிக்கிறது. சோதித்தவர் குனிந்து அடியில் பார்த்தார். பெரிய டயர், தூக்கிய சஸ்பென்ஷன், எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோக அண்ணனும் நானும் செய்து போட்ட ஹெடர் குழாய். “இவ்வளவு கை வைத்த வண்டி பிறகு எப்படி இருக்கும்?” என்றார். அந்த வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது.

31-ஆம் தேதிக்குள் மறுபடி காட்ட வேண்டும்.

மார்ச் 4, புதன்

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். நான்கிலும் கரி. ஆனால் உலர்ந்த கரி, தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அதுவே பெரிய ஆறுதல். பிசுக்கு இருந்திருந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கும், எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கு எங்கோ தப்புகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம். வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தமாக இருக்கும். சூடானதும் நின்றுவிடுகிறது.

மார்ச் 5, வியாழன்

அண்ணன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஏர் ஃபில்டர் புதிது போட்டேன். கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரைக் கழற்றி வெந்நீரில் வைத்துப் பார்த்தேன். அது கெட்டுப்போய் எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருக்கிறது என்று சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். அப்படி இல்லை. சூடு ஏற ஏற அதன் மின்தடை ஒழுங்காக இறங்குகிறது.

இப்போது பயமெல்லாம் புகையைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டர் மேல்தான். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் கூடே உருகிவிடும். எத்தனை மாதமாக இப்படி ஓட்டினேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். சின்னவள் வண்டி கிளம்பும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாள். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். நல்ல கன்வெர்ட்டர் ஒன்றை இரவல் மாட்டி, சீட்டு வாங்கியதும் கழற்றிவிடலாம் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியது சீட்டு மட்டும் இல்லை. இந்த வண்டி நன்றாக எரிய வேண்டும். அவருக்கு அது புரியவில்லை. வருத்தப்பட்டுத்தான் போனார்.

கன்வெர்ட்டரைக் கைமுட்டியால் தட்டினேன். உள்ளே எதுவும் உடைந்து ஆடும் சத்தம் இல்லை. ஐந்து முறை தட்டினேன்.

மார்ச் 11, புதன்

இதை எழுதாமல் விடக்கூடாது.

மழை பெய்ததால் ஷெட் கதவைச் சாத்தினேன். முழுக்கச் சாத்தவில்லை, ஒரு முழ இடைவெளி விட்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் 0.1 வோல்ட்டைவிட்டு நகரவே இல்லை. ஏன் நகரவில்லை என்று யோசிக்கிறேன், யோசனை பாதியிலேயே நிற்கிறது. திரும்பத் திரும்ப அதே கேள்வி. நெற்றியை யாரோ கயிறு போட்டு இறுக்குவது மாதிரி இருந்தது. குனிந்ததால் வந்த வலி என்று நினைத்தேன். மனைவி ஏதோ கேட்க வந்தவள் கதவைத் தள்ளித் திறந்து என்னைப் பிடித்து வெளியே இழுத்தாள். படியில் உட்கார்ந்து மழையிலேயே வாந்தி எடுத்தேன்.

மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நான் முகர்ந்துகொண்டிருந்தது பெட்ரோலை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கதவைச் சாத்தினேன். சீட்டில் இருந்த 2.9 எனக்கு இன்றுதான் புரிந்தது.

மார்ச் 12, வியாழன்

அவள் பேசவில்லை. ஷெட் கதவைக் கீலோடு கழற்றி வெளியே சாய்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணன் கூப்பிட்டான். எட்டு மாதம் கழித்து. வீட்டு விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. “வண்டி தேறலையாமே” என்றுதான் ஆரம்பித்தான். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எண்களைப் படித்தேன்.

“ஆக்சிஜன் எவ்வளவுடா?”

அந்த வரியை நான் பார்க்கவே இல்லை. நைந்த ஓரத்தில் இருந்தது. 2.1.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: பெட்ரோல் அதிகமாகி மோனாக்சைடு ஏறினால் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் வெளிக்காற்று எங்கோ உள்ளே போகிறது. “காலையில் சத்தம் ஏதாவது வருதா?”

டிக் டிக்.

மார்ச் 14, சனி

நேற்று இரவு முழுக்க இதே நினைப்பு. ஹெடர் பொருந்தும் இடத்தில் சிறிய இடைவெளி. ஒவ்வொரு முறை புகை வெளியே பாய்ந்ததும் அதன் பின்னால் ஒரு கணம் உறிஞ்சல் உண்டாகும். அந்தக் கணத்தில் வெளிக்காற்று நுழைகிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் போதவில்லை’ என்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மீட்டர் 0.1-இல் நின்றது அதனால்தான். சென்சார் கெடவில்லை, தான் கண்டதைத்தான் சொன்னது. வேகம் கூடினால் புகையின் அழுத்தம் காற்றை உள்ளே விடாது, 2500-இல் எண் இறங்கியதும் அதனால்தான். உலோகம் சூடாகி விரிந்தால் இடைவெளி சுருங்கும், சத்தம் நிற்கும். பத்து நாளாக என் காதில்தான் விழுந்துகொண்டிருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

வேக்குவம் கிளீனரைத் திருப்பி, காற்று ஊதும் பக்கத்தைச் சைலன்சர் குழாயில் துணி சுற்றிச் சொருகினேன். ஹெடர் விளிம்பு முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்தேன். முதல் சிலிண்டரில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதின் கீழ்ப்பக்கம் குமிழ்கள் கொத்துக் கொத்தாக வந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே உலோகத்தின் மேல் காக்கை இறகு மாதிரி ஒரு கரிக்கோடு. விளிம்பில் தொடங்கி விரிந்து மங்குகிறது.

சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குமிழை ஊதிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஹெடரை எஞ்சினோடு இறுக்கும் திருகு, ஒரு ஸ்டட், உடைந்து எஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே இருக்கிறது. எப்போது உடைந்ததோ. நட் ஒன்றை அதன் மேல் வைத்து வெல்டிங் செய்து திருப்பினேன். இரண்டு நட் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. மூன்றாவது பிடித்தது. அந்தச் சூட்டில்தான் துரு இளகியிருக்க வேண்டும். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பித் திருப்பி எடுத்தேன். வெளியே வந்தபோது கை நடுங்கியது.

மார்ச் 18, புதன்

ஹெடர் விளிம்பின் மேல் எஃகு அளவுகோலை வைத்தேன், நடுவில் இடைவெளி அளக்கும் 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைகிறது. அந்த விளிம்பை மெல்லிய தகட்டில் வெட்டினோம். அப்போதே அண்ணன் கனமான தகடு வேண்டும் என்றான், நான்தான் அவசரப்படுத்தினேன். சாக்பீஸ் பூசி, நீள அரத்தால் மேடு தெரிந்த இடத்தையெல்லாம் ராவினேன். ஐந்து மணி நேரம். இப்போது ஃபீலர் எங்கும் நுழையவில்லை.

மார்ச் 20, வெள்ளி

புது கேஸ்கெட், புது ஸ்டட். காலையில் ஸ்டார்ட் செய்தேன். காதை வைத்துக் கேட்டேன். இல்லை.

ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றினேன். பழையது ஒற்றை ஒயர், புகையின் சூட்டை நம்பித்தான் வேலை செய்யும். 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். ஹெடர் போட்டபோது அதை எஞ்சினிலிருந்து தள்ளி வைத்துவிட்டோம், நிற்கும் ஓட்டத்தில் ஆறிவிடுகிறது. இது ஹீட்டர் உள்ள நான்கு ஒயர் சென்சார். முள் 0.1, 0.9, 0.1, 0.9 என்று துள்ளுகிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

இ.ஜி.ஆர். வால்வை அடைத்து முன்பு நாங்கள் வைத்த தகட்டை எடுத்துவிட்டேன். கொஞ்சம் புகையைத் திரும்ப உள்ளே விட்டு எரியும் சூட்டைத் தணிப்பதற்குத்தான் அந்த வால்வு. சூடு மிஞ்சினால் நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகும். இந்தச் சோதனையில் அதை அளப்பதில்லை. இருந்தாலும் எடுத்தேன். அண்ணனிடம் சொன்னேன். “சரி, எடு” என்றான்.

கன்வெர்ட்டர் மட்டும் நன்றாக இருந்துவிட வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போனேன். போன முறை எஞ்சினை அணைத்துவிட்டு 40 நிமிடம் வரிசையில் நின்றதும் ஒரு தப்பு. ஆறிப்போன கன்வெர்ட்டர் எதையும் எரிக்காது. இன்று அணைக்கவே இல்லை.

நிற்கும் ஓட்டத்தில் மோனாக்சைடு 0.2. ஹைட்ரோகார்பன் 70. சோதித்தவர் அதே ஆள். ஒன்றும் சொல்லவில்லை, குழாயை உருவிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். நான் சீட்டில் முதலில் தேடியது ஆக்சிஜனை. 0.3.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். இன்னும் பதில் இல்லை.